கரண்டி யார் கையில்

யூஜின் வீட்டுக் கதவில் பித்தளைத் தகடு ஏறிய அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. ஐரின் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "இது காய்ச்சல் இல்ல, வயித்தெரிச்சல். ரசம் வெக்கிறேன், குடிச்சிட்டு படுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதை மறைப்பது?

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் இரண்டு வீடுகளும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் ஐந்தடி நடை. நான் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அவன் கதவுதான். தகட்டின் நீளம் ஒன்பது அங்குலம், அகலம் ஐந்து. அவன் வீட்டில் இல்லாதபோது அளந்து பார்த்தேன். 'கூடி முடிவெடுக்கும் குடும்பம் – முதல் நிலை' என்று பொறித்திருந்தது.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளன். இந்த நகரத்தில் நூற்று நாற்பது லிஃப்டுகள் என் பேச்சைக் கேட்டு ஏறி இறங்குகின்றன. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. அதனால் தபால்காரர், சிலிண்டர்காரர், சொந்தக்காரர்கள் எல்லாரும் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நடையில் நிற்பார்கள். நிற்கிற நேரத்துக்குப் படிக்க ஏதாவது வேண்டுமல்லவா? தகட்டைப் படித்தார்கள். சிலிண்டர்காரர் படித்து முடித்துவிட்டு, "நீங்க ஏன் சார் வாங்கல?" என்று என்னைக் கேட்டார். வீடு மந்திரிக்க வந்த ஃபாதர் அந்தத் தகட்டின்மேல் இரண்டு தடவை தண்ணீர் தெளித்தார். எங்கள் வீட்டுக்கு வரும்போது செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

தகடு கொடுத்தது என் மகள் நோராவும் யூஜினின் மகள் கேரலும் படிக்கும் பள்ளி. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. ஒரே வகுப்பு, கோயில் பாடற்குழுவில் ஒரே வரிசை. காலையில் ஒருத்தி மற்றவள் வீட்டுக் கதவைத் தட்டாமல் பள்ளிக்குக் கிளம்பிய நாள் கிடையாது. போன வருடம் பள்ளியில் ஒரு புதுப் பதவியை உண்டாக்கினார்கள். இல்ல ஜனநாயக ஒருங்கிணைப்பாளர். அதில் உட்கார்ந்தவர் வித்யாலட்சுமி மேடம். முதல் வேலையாகப் பெற்றோர்களை எல்லாம் கூட்டி ஒரு சொற்பொழிவு செய்தார்.

"பேரன்ட்ஸ், வீட்ல எல்லா முடிவும் நீங்களே எடுக்கறீங்க. குழந்தைங்கள ஒரு வார்த்தை கேக்கறதில்ல. இது எவ்வளவு பெரிய தப்பு! அதனால வர்ற சண்டேலேர்ந்து எல்லார் வீட்லயும் குடும்ப சபை நடக்கணும். கட்டாயம். மண்டே காலையில நோட்டு என் டேபிளுக்கு வரணும்."

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "மேடம், இத ஆரம்பிக்கறதுக்கு முன்னால எங்களயோ பசங்களயோ கேட்டிங்களா?"

"கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வீங்க. அப்புறம் ஜனநாயகத்த எப்படிக் கொண்டு வர்றது?"

எல்லாரும் கை தட்டினோம். யூஜின் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இருபத்தாறு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். சபைக்கு ஒரு 'பேசும் பொருள்' வேண்டும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். மற்றவர்கள் வாயைத் திறந்தால் ஒரு மார்க் போகும் என்றது நான்காம் பக்கம். எங்கள் வீட்டில் சட்டென்று கைக்கு அகப்பட்டது குழம்புக் கரண்டி. அதையே வைத்துக்கொண்டோம். இரண்டாவது வாரமே, நோரா கரண்டியைப் பிடித்துக்கொண்டு பள்ளிப் பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஐரின் பார்த்தாள். கரண்டி அவள் கையில் இல்லாததால் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். மார்க் போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன். அன்று கடுங்காபி குடித்தோம்.

இத்தனை செய்தும் முதல் வருடத் தகடு யூஜினுக்குப் போயிற்று. அவன் வீட்டில் கூடி எடுத்த முடிவு மீன் தொட்டி வாங்குவது. மீன் தொட்டிக்கு ஒரு தகடு! எனக்கு அடங்கவில்லை. எங்கள் நோட்டில் மட்டும் இருபதுக்கு நான்கு, இருபதுக்கு மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. இந்த வருடமும் பதினோரு வாரம் அப்படியே போனதும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வித்யாலட்சுமி மேடத்தைப் பார்க்கப் போனேன்.

"மிஸ்டர் ஃபிராங்க்ளின், பதினோரு வாரமும் உங்க பொண்ணு 'சரி'ன்னு சொல்லியிருக்கா. ஒரே ஒரு தடவகூட 'வேண்டாம்' இல்ல. கருத்து வேறுபாட்டுக்குப் பத்து மார்க். அதுல நீங்க ஜீரோ."

"அவ சொன்ன பேச்ச கேக்கற பொண்ணு மேடம்."

"அதான் பயமா இருக்கு. எதிர்ப்பே இல்லாத வீட்டுக்கு ரெண்டே காரணந்தான். ஒண்ணு, சர்வாதிகாரம். இல்லன்னா குழந்தைக்குக் காது கேக்கல. எதுன்னு சர்டிபிகேட் கொண்டு வாங்க."

நோராவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் காதில் என்னென்னவோ மாட்டிச் சோதித்துவிட்டு, நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் கொடுத்தார். சந்தோஷமாகக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தேன். மறுநாள் நோட்டில் சிவப்பு முத்திரை இருந்தது: 'சர்வாதிகாரக் குடும்பம் – கண்காணிப்பில் உள்ளது.'

அன்று சாயங்காலம் படியில் யூஜின் வழிமறித்தான். "என்னா மேன், உன் பொண்ணு இன்னும் தலையாட்டிட்டுத்தான் இருக்கா? என் கேரல பாரு. கத்திரிக்கா வேண்டாம்னு ஒரு பக்கம் பேசிட்டா. பத்துக்கு ஒம்போது!"

கேரலும் பக்கத்தில்தான் நின்றாள். அவள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் கத்திரிக்காய்தான் முதலில் காலியாகும். ஒருவேளை இவனே எழுதிக் கொடுக்கிறானோ என்று சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்த மறுநிமிடம், இந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமையும் வந்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பயிற்சியை ஆரம்பித்தேன்.

"நோரா, இன்னைக்கு உப்புமா."

"சரி டாடி."

"சரின்னு சொல்லக் கூடாதும்மா. வேண்டாம்னு சொல்லு."

"எனக்கு உப்புமா புடிக்கும் டாடி."

"புடிச்சாலும் சொல்லு."

"வேண்டாம்."

"சத்தமா. அடுத்த வீட்டுக்குக் கேக்கணும்."

"வேண்டாம்!" என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வேண்டாம்னு சொன்னா நெஜமாவே கோச்சுக்க மாட்டீங்களா டாடி?"

"மாட்டேன். ரெண்டு மார்க் வரும்."

நான்கு வாரத்தில் நன்றாகத் தேறிவிட்டாள். தலை பின்னுவது, பாகற்காய், என் அண்ணன் வீட்டுக்குப் போவது எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'. நான் மூன்று நியாயம் சொல்வேன். அவள் 'யோசிக்கிறேன்' என்று பத்து விநாடி ஜன்னலைப் பார்ப்பாள். அதன்பிறகு 'சரி, எனக்குச் சம்மதம்' என்பாள். இதற்குக் கையேட்டில் 'இணக்கமான மீள்முடிவு' என்று பெயர், ஐந்து மார்க். முத்திரை நீங்கியது. இருபதுக்குப் பதினெட்டு வந்த அன்று நோட்டை விரித்தபடியே நடையில் ஐந்து நிமிடம் நின்றேன். யூஜின் வெளியே வரவில்லை.

பிப்ரவரியில் சுற்றறிக்கை வந்தது. இந்த வருடத் தகடு மீன் தொட்டிக்கெல்லாம் கிடையாது. குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய பெரிய முடிவு ஒன்றைப் பரிசோதகர் கண்ணெதிரே, வீட்டிலேயே எடுத்துக் காட்ட வேண்டும். யூஜின் முகத்தில் ஈயாடவில்லை. அவனிடம் பெரிய முடிவு எதுவும் கையிருப்பில் இல்லை. என்னிடம் ஒன்று இருந்தது.

நகரத்துக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு படுக்கையறை, சொந்த வீடு, லிஃப்ட் உண்டு. மே மாதம் குடிபோவதாக நானும் ஐரினும் கூடிப் பேசி முடிவு செய்திருந்தோம். நோராவிடம் இன்னும் சொல்லவில்லை. சின்னப் பெண், பரீட்சை நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டேன். புது ஊர், புதுப் பள்ளி, ஒரு மாதத்தில் பழகிவிடுவாள் என்பது என் கணக்கு. ஆக, பெரிய முடிவு தயாராகவே இருந்தது. அதைக் கூடி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. மார்ச்சில் தகடு கிடைத்தால் மே வரைக்கும் இரண்டு மாதம் யூஜின் கண்ணில் படுகிற மாதிரி இங்கே மாட்டிவிட்டு, அப்புறம் சந்தாபுராவுக்குக் கழற்றிக்கொண்டு போகலாம் என்பது வரைக்கும் யோசித்திருந்தேன்.

வசனத்தை நோராவிடம் கொடுத்தேன். படித்தாள்.

"நெஜமாவே போறோமா டாடி?"

"மொதல்ல இத ஒழுங்கா சொல்லு. மத்தத அப்புறம் பேசலாம்."

ஏழு தடவை ஒத்திகை. ஏழு தடவையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

பரிசோதனை நாளன்று வித்யாலட்சுமி மேடமும் நேரம் குறிக்கும் நாகேஷும் படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே யூஜினின் தகட்டைப் படித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே வந்ததும் ஐரின் காபியும் முறுக்கும் வைத்தாள். "இன்ஸ்பெக்‌ஷன் வர்ற எடத்துல நான் எதுவும் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டு மேடம் நான்கு முறுக்கு எடுத்துக்கொண்டார். நாகேஷ் கடிகாரத்தை அழுத்தினார்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை முன்வைத்தேன். கரண்டி நோராவிடம் போயிற்று.

"வேண்டாம்" என்றாள். நல்ல உச்சரிப்பு. மேடம் தலையாட்டினார்.

கரண்டி என்னிடம் வந்தது. சொந்த வீடு, நல்ல காற்று, லிஃப்ட் என்று மூன்று நியாயங்களும் சொன்னேன். கரண்டி மறுபடி நோராவிடம் போனது.

"யோசிக்கிறேன்."

ஜன்னலைப் பார்த்தாள். பத்து விநாடி ஆயிற்று. இருபது ஆயிற்று. நாகேஷ் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். நாற்பதாவது விநாடியில் எனக்கு வியர்த்தது. வசனத்தை எடுத்துக் கொடுக்கலாமென்றால் கரண்டி அவளிடம் இருந்தது.

"யோசிச்சுட்டேன்" என்றாள். "வேண்டாம்."

கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"நீங்க ஏற்கெனவே வீடு பாத்துட்டீங்க. மம்மி அந்த வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்து காலண்டர்ல எழுதி வெச்சிருக்காங்க. ஸ்கூல் தொறந்ததுலேர்ந்தே எனக்குத் தெரியும் டாடி. பாத்ரூம்ல அழுவேன். ஆனா வேண்டாம்னு சொல்லலாம்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு இந்த வீடு வேணும். கேரல் வேணும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது அவளுக்காக வந்ததா, தகடு போயிற்றே என்று வந்ததா என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

வித்யாலட்சுமி மேடம் எழுந்து நின்றுவிட்டார். "வாவ்! இதான் எதிர்ப்பு! நெஜம் மாதிரியே இருந்தது. நாகேஷ், அழுகைக்கு ஃபாரத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல மேடம். 'இதர'ல போடட்டுமா?"

"போடுங்க. பாப்பா, கண்ண தொடச்சுக்காத, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கறேன். சரி, இப்ப ஓட்டு."

சந்தாபுராவுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். என் கை மட்டும் தனியாக நின்றது. ஐரினைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நோராவிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கும் வேண்டாம்" என்றாள். "அன்னைக்கே சொல்லியிருப்பேன். அப்ப என் கைல கரண்டிய யாரும் குடுக்கல."

நானும் ஐரினும் கூடிப் பேசி முடிவு செய்தோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பேசியது நான்.

இருபதுக்கு இருபது. பெற்றோர் தோற்றுப்போன வீட்டை தன் இரண்டு வருட அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்று மேடம் குறிப்பு எழுதினார். கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தையும் காட்டினார்: பரிசோதகர் முன்னிலையில் எடுத்த முடிவை மீறினால் தகடு பறிக்கப்படும். அன்று இரவே சந்தாபுரா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோரா ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். தகட்டுக்காகத்தான் விட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆண்டு விழாவில் மேடம் எங்களை மேடையேற்றினார். "இந்த வெற்றிக்குக் காரணம் குழந்தைங்களோட குரலுக்கு நாம குடுக்கற மரியாதை" என்று அரை மணி நேரம் பேசினார். நோரா நன்றி சொல்ல மைக் அருகே போனாள். நேரமில்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நானே டிரில்லிங் மெஷின் கொண்டுவந்து தகட்டை மாட்டினேன். இந்த வருடத் தகடு பத்து அங்குலம். ஞாயிறு காலையில் யூஜின் கதவைத் திறந்தபோது நான் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவன் பார்த்தான். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். என் ஆயுளில் அதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை.

மூன்று வாரம்தான். நான்காவது வாரம் யூஜின் லட்டு டப்பாவோடு வந்தான்.

"சந்தாபுரால வீடு வாங்கிட்டேன் மேன். ரெண்டு பெட்ரூம், லிஃப்ட் இருக்கு. யாரோ ஒருத்தன் வேண்டாம்னு விட்டுட்டானாம்" என்று என் தோளைத் தட்டினான். "உங்க வீட்ல ஓட்டுல தோத்துட்டியாமே? எங்க வீட்ல மூணுக்குப் பூஜ்யம். எல்லாரும் சம்மதம்."

அந்த லட்டைத் தின்றபோது என் வயிறு எரிந்ததை என்னவென்று சொல்வது! என் வீடு. என் ஜன்னல். என் லிஃப்ட். அதை இவன் கொத்திக்கொண்டு போய்விட்டான். காய்ச்சல் வந்தேவிட்டது. இந்தத் தடவை ஐரின் ரசம் வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படுத்துக்கிடந்தபோது கேரல் வந்தாள். நோரா டியூஷனுக்குப் போயிருந்தாள். கேரல் கட்டிலருகே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அங்கிள், உங்க வீட்டுக் கரண்டிய ஒரு நாளைக்குக் குடுப்பீங்களா?"

"எதுக்கும்மா? உங்க சபைக்கு ஒண்ணு வெச்சிருப்பீங்களே?"

"இருக்கு அங்கிள். அது எப்பவும் டாடி கைலதான் இருக்கு."

எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் துப்பட்டாவில் மறைத்துக்கொண்டு ஐந்தடி நடையைக் கடந்து போனாள். நான் கதவருகே காதை வைத்து நின்றேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் "வேண்டாம்" என்ற சத்தம் கேட்டது. நன்றாகவே, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். அதன்பிறகு யூஜினின் குரல்தான் வெகுநேரம் கேட்டது. எதிரே போய்க் கதவைத் தட்டி, 'யூஜின், அந்தப் பொண்ணு சொல்றத கேளு மேன்' என்று சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? போய்ப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கரண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கீழே லாரி நின்றிருந்தது.

யூஜின் தன் தகட்டை மறக்காமல் கழற்றிக்கொண்டு போனான். அந்தக் கதவில் இப்போது நான்கு ஓட்டைகளும் ஒரு பூட்டும் இருக்கின்றன. என் பத்து அங்குலத் தகடு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படியேறி வருகிறவர்கள் படித்துவிட்டு நல்ல வார்த்தை நாலு சொல்லத்தான் செய்கிறார்கள். அவர்களெல்லாம் யூஜின் ஆகிவிடுவார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் குடும்ப சபை கூடியது. தகடு வாங்கியவர்கள் ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது. நோரா வந்து உட்கார்ந்தாள். முதலில் கரண்டியை அவள் கையில் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பத்து விநாடி போயிற்று, பத்து நிமிடமும் போயிற்று. அவள் எதுவும் பேசவில்லை. கரண்டியைத் திருப்பித் தரவும் இல்லை.

விதிப்படி நாங்களும் பேசவில்லை.